பொன்னாடைக்குள் மாட்டிக்கொண்ட கடைசிக் காட்சி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இழுத்தால் திரை மூடும். இழுக்காவிட்டால் திறந்தே கிடக்கும். இழுக்கவா, வேண்டாமா?

இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனையில் ஒரு பெண்ணின் ஒரு வருடத் தவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா?

முதலிலிருந்து சொல்கிறேன்.

கோலாலம்பூருக்கு வடக்கே, மலை மேலிருக்கும் தானா ராத்தாவில் எங்களுக்கு ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. லாப நோக்கம் இல்லாதது. லாபமும் எங்களை நோக்கி வந்ததில்லை. தேயிலைத் தோட்டங்களில் நாடகம் போடுகிறவர்களுக்குக் கைகொடுப்பது எங்கள் வேலை. ஒத்திகை பார்க்க ஒரு மளிகைக் கடையின் மாடி அறை. தோட்டம் தோட்டமாகப் போய் நடிகர்களை ஏற்றி வர ஒரு பழைய வேன். கொஞ்சம் விளக்குகள், இரண்டு மைக் – அதில் ஒன்று ஒத்திகையில் மட்டும் வேலை செய்யும். அம்மாக்கள் வசனம் பேசும்போது அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். நடுவில் எல்லோருக்கும் சுடச்சுட இஞ்சித் தேநீர்.

கலைக்கு இவ்வளவு போதுமா என்று கேட்காதீர்கள். மலையே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் எங்கள் ஊர்க் குளிரில், தேநீர் இல்லாமல் எந்தக் கலையும் எழுந்து நிற்காது.

அமைப்பின் செயலாளர் கமலா மிஸ்ஸி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஊசி போட்டுப் பழகிய கை, இப்போது உத்தரவு போடுகிறது. நான் ஓர் இடத்தில் உட்காருகிற ஆள் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். "தம்பி, நின்னுக்கிட்டே செய்யுற வேல ஒண்ணு இருக்கு" என்று திரைக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்.

அப்புறம் லெட்சுமி. தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கிற பகுதியில் வேலை. நாடகத்தை எழுதியவளும் அவள், நாயகியும் அவள். கதை எளிமையானது. ஆயுசெல்லாம் கொழுந்து பறித்த மாரியம்மா ஓய்வு பெறுகிறாள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டுச் சாவியைத் துரையிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். (தோட்டத்து மானேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். வெள்ளைக்காரன் போனான், பட்டம் போகவில்லை.) கடைசிக் காட்சியில் மாரியம்மா கையில் சாவியோடு துரை முன்னால் நிற்கிறாள். கொடுப்பாளா, மாட்டாளா?

போன வருடம் பார்க்க வந்த யாருக்கும் அது தெரியாமலே போய்விட்டது.

காரணம் – மரியாதை.

ஒரு மேடையைப் பார்த்துவிட்டால் நம் ஆட்களால் சும்மா இருக்க முடியாது. அதில் யாரையாவது நிற்க வைத்து மாலை போட்டாக வேண்டும். போன வருடம் நாடகத்தை நடுவில் நிறுத்தினார்கள். மாலை, பொன்னாடை, உரை. அழைத்தவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் அழைக்காதவர்களையும் மேடைக்கு அழைத்தார்கள். மரியாதை வளர்ந்தது. நேரம் தேய்ந்தது.

பார்க்க வந்தவர்களோ லெம்பா பெர்த்தாமிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் காய்கறி லோரியில் ஏறி வந்தவர்கள். பொழுது சாய்ந்ததும் அதே லோரி திரும்பிப் போய், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர்ச் சந்தைக்கு மலை இறங்க வேண்டும். முட்டைக்கோஸுக்குக் கலை தெரியுமா? டிரைவர் முனியாண்டி ஹாரன் அடித்தார். கூட்டம் எழுந்து ஓடியது. மாரியம்மா சாவியைக் கையில் எடுத்தபோது மண்டபத்தில் மிஞ்சியவர்கள் நாற்காலி அடுக்குகிற இரண்டு பேர். அவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு விட்டார்களா? வருடம் முழுக்க லெட்சுமியை விரட்டினார்கள். கோயிலில் கேட்டார்கள், சந்தையில் கேட்டார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் அங்கே வேலை செய்கிற பெண், "அக்கா, வாய நல்லாத் தொறங்க... ஆமா, அந்தச் சாவியக் குடுத்தாளா இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். திறந்த வாயால் எப்படிப் பதில் சொல்வது? கோலா தெர்லாவில் இரண்டு கட்சியே உண்டாகிவிட்டது. சாவியை ஆற்றில் எறிந்துவிட்டாள் என்று ஒரு கட்சி. மகனோடு ஈப்போவுக்குப் போய்விட்டாள் என்று இன்னொரு கட்சி. கதையில் அவளுக்கு மகனே கிடையாது!

"கேக்குறவங்ககிட்டச் சொல்லித்தான் தொலையேன்மா" என்றேன் ஒருநாள்.

"சொன்னா அது வதந்திண்ணே. நடிச்சாத்தான் நாடகம்" என்றாள் லெட்சுமி. "அந்த ஒரு காட்சிக்காகத்தான் மத்த எல்லாக் காட்சியும் எழுதினேன். அத ஆளுங்க பாக்கணும். ஒரே ஒரு தடவ போதும்."

இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். துரையாக நடிக்கிற குணா அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். வசனம் மனப்பாடமான, கால்சட்டை பொருந்துகிற வேறு துரை எங்கள் கைவசம் இல்லை.

அமைப்பின் கூட்டம் கூடியது. "இந்த வருஷம் மாலையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்" என்று வீரமாக ஆரம்பித்தேன்.

"லோரி யாரோடது?" என்றார் மிஸ்ஸி.

உட்கார்ந்துவிட்டேன். லோரி கோவிந்தசாமி ஐயாவுடையது. காய்கறி மொத்த வியாபாரி, கோயில் தலைவர். ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும்.

"அவருக்குப் பொன்னாட போடலன்னா, அடுத்த நாடகத்த நாமளே நடிச்சு நாமளே பாத்துக்க வேண்டியதுதான்லா" என்ற மிஸ்ஸி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசனை வருகிறது என்று அர்த்தம். "ஏன் லெட்சுமி, கதையில மாரியம்மாவுக்குப் பிரிவு உபசாரம் நடக்குதுல்ல? அதுக்குச் சிறப்பு விருந்தினரா தலைவரையே மேடைக்குக் கூப்பிட்டா என்னா? மால போடுறோம், ரெண்டு வார்த்த பேசுறாரு, எறங்கிப் போறாரு. மரியாதையும் ஆச்சு, காட்சியும் ஆச்சு."

எல்லோரும் கைதட்டினோம். 'ரெண்டு வார்த்த' என்ற இடத்தில் யாராவது ஒருவர் இருமியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தோட்டத்து மண்டபம் நிறைந்தது. ஜன்னல் வழியே பனிமூட்டமும் உள்ளே வந்து, டிக்கெட் இல்லாத விருந்தாளிபோலப் பின்வரிசையில் நின்றது. நாடகம் ஓடியது என்று சொல்ல மாட்டேன் – சரிவில் விட்ட சைக்கிள்போலப் பறந்தது. பிரிவு உபசாரக் காட்சி. தலைவர் மேடையேறினார். மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. மைக்கை வாங்கினார்.

வாங்கினார் என்றா சொன்னேன்? தத்தெடுத்துக்கொண்டார்.

"மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய துரை அவர்களே!" என்று ஆரம்பித்தார். குணா பதறி எழுந்து கும்பிட்டான். "இன்று ஓய்வு பெறும் நமது அன்புச் சகோதரி மாரியம்மா அவர்களே!" நானே ஒரு கணம் நெகிழ்ந்துபோனேன். மனிதர் கதைக்குள் முழுதாக இறங்கிவிட்டார். அங்கிருந்து அவருடைய அப்பாவுக்குப் போனார். அப்பாவிலிருந்து முட்டைக்கோஸ் விலைக்குப் போனார். விலையிலிருந்து சமுதாயத்துக்கு வந்து, மறுபடியும் அப்பாவுக்கே போனார்.

அதற்குள் கீழே ஒரு சலசலப்பு. நம் பிரமுகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பையில் ஒரு பொன்னாடை இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். யாராவது நமக்குப் போர்த்திவிட்டால் பதிலுக்குப் போர்த்த வேண்டுமே! தலைவர் மேலே போனதைப் பார்த்து இளைஞர் மன்றத் தலைவர் ஏறினார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏறியது. மாதர் பிரிவு ஏறியது. பிரிவு உபசாரம் மாரியம்மாவுக்குத்தானே? அத்தனை பொன்னாடையும் லெட்சுமியின் தோளில். நீலத்தின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் பச்சை. கடைசியில் துணிக்கடை அலமாரி ஒன்று கண்ணை மட்டும் விழித்துக்கொண்டு நின்றது.

வெளியே லோரியின் ஹாரன்.

எதிர்ப்பக்கத்து மறைவிலிருந்து மிஸ்ஸி கையைக் கத்தரிபோல் ஆட்டினார். மூடு, திரையை மூடு! மூடினால் பிரமுகர்களை இறக்கிவிடலாம், சரி. ஆனால் திரை விழுந்தால் நாடகம் முடிந்தது என்று கூட்டம் லோரிக்கு ஓடுமே! மூடாவிட்டாலோ பேச்சு நிற்காது. கயிற்றோடு நான் நின்ற இடம் இதுதான்.

லெட்சுமியைப் பார்த்தேன். பொன்னாடைகளுக்கு நடுவே அந்தக் கண்கள் வேண்டாம் என்றன. கயிற்றை ஆணியில் சுற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

அவள் நகர்ந்தாள். துரையிடம் போகவில்லை, நேராகத் தலைவரிடம் போனாள். மைக்கை அவர் விடவில்லை. இவளும் கேட்கவில்லை. குனிந்து, அவர் கையிலிருந்த மைக்கிலேயே பேசினாள்.

"ஐயா, எல்லாரும் என்னப் பத்தி நல்லவிதமாச் சொன்னீங்க. குளிருக்கு எதமா இத்தன துணி போத்துனீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்..." முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். "நாளைக்குக் காலையில இதெல்லாம் மடிச்சு நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

எழுந்துகொண்டிருந்தவர்கள் பாதி எழுந்தபடியே நின்றார்கள்.

மைக்கோடு நின்ற தலைவர் சுற்றுமுற்றும் பார்த்து, குணாவிடம் திரும்பினார். "என்னாங்க துரை இது? பாவம்லா!"

வசனத்தில் இல்லாத கேள்வி. குணா வியர்த்துப்போனான். "சட்டம்... சட்டம் அப்படித்தான் தலைவரே."

"என்னா பெரிய சட்டம்?" தலைவர் கொதித்துவிட்டார். "குடுக்காதம்மா! அந்தச் சாவியக் குடுக்காத! எவன் வந்து கேக்குறான்னு நான் பாத்துக்கிறேன்!"

"குடுக்காத! குடுக்காத!" மண்டபம் அதிர்ந்தது. ஹாரன் நின்றுபோயிருந்தது. எப்படிக் கேட்கும்? ஆள் கூப்பிட உள்ளே வந்த முனியாண்டியும் வாசலில் நின்று, "குடுத்துறாதக்கா!" என்று கத்திக்கொண்டிருந்தாரே!

லெட்சுமி காத்திருந்தாள். சத்தம் தானாக அடங்கியதும் பொன்னாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைவரின் தோளில் போட்டாள். பிறகு குணாவின் முன்னால் போய் நின்று, சாவியை நீட்டினாள்.

"இந்தாங்க துரை. மழக்காலத்துல அந்தக் கதவு இறுகிக்கும். சாவியத் திருப்பிட்டு, கீழ்ப்பக்கமா ஒரு ஒத விடணும். அடுத்து வர்றவங்ககிட்டச் சொல்லிருங்க. தெரியாம வெளிய நின்னு நனையப் போறாங்க."

மேடையைவிட்டு இறங்கினாள். கூட்டத்தின் நடுவே நடந்தாள். வாசலில் நின்ற முனியாண்டி வழிவிட, பனிமூட்டத்துக்குள் போய்விட்டாள்.

லெட்சுமி எழுதிவைத்திருந்த முடிவு அதுதான். ஓர் எழுத்து மாறவில்லை.

அப்போதுதான் திரையை இழுத்தேன். தலைவர் திரைக்கு முன்னால் மாட்டிக்கொண்டார். உடம்பெல்லாம் பொன்னாடை, கையில் மைக், கண்ணில் தண்ணீர். யாரும் சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் லெட்சுமி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். தேநீரைக் கையில் கொடுத்து, "நிம்மதியாம்மா?" என்றேன்.

"பாத்துட்டாங்கல்லண்ணே... போதும்" என்றாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "குணாதான் சட்டம் கிட்டம்னு உளறிட்டான். சிங்கப்பூருக்கே போகட்டும்."

யோசித்துப் பார்க்கிறேன். ஒருவர் தோளில் துணியைப் போர்த்த நமக்கு ஒரு நொடி போதும். அதை அவர் எங்கே மடித்து வைப்பார் என்று நினைத்துப் பார்க்க, ஒரு முழு நாடகம் தேவைப்படுகிறது... இல்லையா?

திங்கட்கிழமை காலை மிஸ்ஸிக்குத் தலைவரிடமிருந்து போன்.

"மிஸ்ஸி, அந்தம்மா இப்ப எங்க இருக்கு?"

"பேக்டரியில இருக்கும் தலைவரே. வேல நாளாச்சே."

"லெட்சுமியக் கேக்கலலா. மாரியம்மாவக் கேக்குறேன்." கொஞ்சம் இழுத்தாராம். "நாடகம்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் ராத்திரி பூரா மனசு கேக்கல. என் ஸ்டோருக்குப் பின்னால ரெண்டு ரூமு சும்மாதான் கெடக்கு..."

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார், எனக்குத் தெரியும்.

"ஆள் இருக்கு தலைவரே. போன மாசம் வேல முடிஞ்சு லயத்துச் சாவியக் குடுத்தவங்க. மக வீட்டுக் கூடத்துல, கட்டுன மூட்டையக்கூடப் பிரிக்காம உக்காந்திருக்காங்க. பேருதான் மாரியம்மா இல்ல... பரவால்லையா?"

"பேருல என்னா இருக்கு? சாமான் நெறையவா? சின்ன வேன் போதுமா, லோரியே அனுப்பிரவா?"

அந்த நாடகத்துக்குக் கிடைத்த கைதட்டல்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.