எலி பிடிக்கத் தெரியாத இருளர்

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் குடியிருப்பில் பத்தாவது பாஸான முதல் பெண் நான். காஞ்சிபுரத்தில் பழங்குடி மாணவியர் விடுதியில் சேர்ந்தால் சோறு, புத்தகம் எல்லாம் அரசாங்கமே தரும். அதற்கு இருளர் என்று சாதிச் சான்றிதழ் வேண்டும். நானும் அப்பாவும் அலைந்த அலைச்சலில் கோட்டாட்சியர் ஆபீஸ் வாட்ச்மேன் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

ஒருநாள் அதிகாரியே விசாரிக்க வந்தார், தாமல் ஏரிக்கரையில் இருந்த எங்கள் குடிசைக்கு. என் மார்க் ஷீட்டை அவர் பார்க்கவில்லை. வளை தோண்டி எலி பிடிப்பதுதானே இருளர் தொழில், இருளர் என்றால் எலி பிடித்துக் காட்டு என்று அப்பாவிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்துப் பார்த்தா சான்றிதழ் தருகிறார்கள்?

அப்பா அரிசி மில்லுக்குள் கொத்தடிமையாகப் பிறந்தவர். அரசாங்கம் மீட்டுக் கொண்டுவந்து இங்கே குடிவைக்கும்வரை மில் சுவரைத் தாண்டியதில்லை. நெல் வேகும் வாசனையை வைத்தே பதம் சொல்வார். எலி வளை எது, நண்டு வளை எது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் எனக்காகக் கடப்பாரையோடு வரப்பில் இறங்கினார். ஒரு மணி நேரம் தோண்டியதில் இரண்டு நண்டு வந்தது. அதிகாரி ஜீப்பில் ஏறிப் போனார். அன்று அப்பா சாப்பிடவில்லை.

நாங்கள் விடவில்லை. தினமும் ஆபீஸ் திறக்குமுன் போய் வாசலில் உட்கார்ந்தோம். விடுதியில் சேரக் கடைசி நாளன்று உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி விசாரணை அறிக்கைத் தாளை நீட்டி அப்பாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னார். அப்பா விரலில் மையோடு என்னைப் படிக்கச் சொன்னார். 'எலி பிடித்துக் காட்டினார்' என்று எழுதியிருந்தது. மனிதர் நமக்கு நல்லதுதான் செய்திருக்கிறார், வைத்துவிடு என்று அப்பாவின் காதில் கெஞ்சினேன்.

அப்பா விரலை மடக்கிக்கொண்டார்.

"மில்லுல எங்கப்பா கடன் பத்திரத்துல என்னான்னு கேக்காமலே கைநாட்டு வெச்சாரு சார். அதான் நான் உள்ளயே பொறந்தேன். இப்ப எம்பொண்ணு படிச்சிக் காட்டுது. தெரிஞ்சே பொய்யில வெக்க மாட்டேன்."

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். எனக்கு அப்பாமேல் ஆத்திரம், அழுகை. அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, என்னதான் எழுதுவது என்று கேட்டார்.

"நெல்லு அவிக்கிறவன்னு எழுதுங்க சார். ஆனா இருளர்தான்."

அவர் அந்த வரியை அடித்துவிட்டு அப்படியே எழுதினார். நான் படித்துக் காட்டியபின் அப்பா விரலை வைத்தார்.

சாயங்காலம் சான்றிதழோடு போனபோது விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.