ஆடியில் எடுக்காத கார்

அந்தக் காரின் இடது கதவுக்கும் உடலுக்கும் நடுவே மேலே மூன்று மில்லிமீட்டரும் கீழே ஏழு மில்லிமீட்டரும் இடைவெளி இருந்தது. மற்றவை எல்லாம் முடிந்துவிட்டன. என்ஜின் ஓடியது, பிரேக் பிடித்தது, விளக்குகள் எரிந்தன. பாதுகாப்புச் சான்றிதழும் நம்பர் தகடும் கையில் இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலம். ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பெட்டிகளில் வரும் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் காரை இங்கே கனடாவில் கிற் கார் என்பார்கள். எங்களுடையது இங்கிலாந்தில் எப்போதோ மூடப்பட்ட ஒரு சின்னப் பட்டறையின் தயாரிப்பு. இரண்டு இருக்கைகள், கூரை கிடையாது. மேலே பழைய காலத்து உருவத்தில் ஃபைபர் கிளாஸ் உடல். கீழே எல்லோரும் வண்டுக் கார் என்று சொல்லும் ஜெர்மன் காரின் அடித்தளமும் என்ஜினும். அப்படி இன்னொன்றை நான் ரொறன்ரோவில் பார்த்ததில்லை. விட்பியில் ஒரு வெள்ளைக்காரர் அதைக் கட்டத் தொடங்கி, முடிக்காமல் இறந்துபோனார். அவருடைய மனைவியிடமிருந்து நானும் என் மைத்துனனும் சேர்ந்து வாங்கினோம்.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடியில் தனியே இருந்தான். ஒரு பேக்கரியின் வான் வண்டியை ஓட்டி, கடைகளுக்குப் பாண் ரொட்டி போடுகிற வேலை.

"எட்டு வருசமா ஆரோ ஒருத்தன்ரை வானை ஓட்டுறன் அத்தான். ஒருக்கா எண்டாலும் என்ரை எண்டு ஒண்டை ஓட்டவேணும்" என்று வாங்கிய அன்றே சொன்னான்.

இரண்டு குளிர்காலம் என் கராஜில் வேலை செய்தோம். ஃபைபர் கிளாஸ் ஒட்டும் ரெசின் பசை குளிரில் இறுகாது. அதனால் ரெசின் தகரத்தைச் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்து, அந்த வாளியைக் குசினியில் வைப்போம். எங்கள் வீட்டுச் சோற்றிலும் அந்த மணம் ஏறியது. "உங்கடை காருக்கு இப்ப நான் கறியும் காய்ச்சிக் குடுக்கவேணுமோ?" என்று மனைவி வாளியைக் காலால் தள்ளிவிடுவாள்.

என்ஜின் அவனுடைய பொறுப்பு, உடல் என்னுடையது. அவன் காதால் வேலை செய்வான். நான் ஒரு மிஷின் ஷொப்பில் பாகங்களை அளந்து பார்த்து நல்லது கழிவு பிரிக்கிற வேலையில் இருந்தவன். காருடன் வந்த கைநூலில் பன்னிரண்டு பக்கங்கள் கிழிந்திருந்தன. அவற்றில் இருந்திருக்க வேண்டிய படங்களை நானே அளந்து வரைந்து வைத்தேன். ஒவ்வொரு நாள் வேலையும், அன்றைய வெப்பநிலையும் நாட்குறிப்பில் எழுதினேன்.

கதவின் கீழ் இடைவெளியை அளந்துகொண்டிருந்தபோது அவன் சிரித்தான்.

"உதை ஆருக்குக் காட்டப்போறியள்? பொலிஸ்காரன் மறிச்சு அளவுகோலோ கேக்கப்போறான்? அக்காவையும் உப்பிடி அளந்து பாத்துத்தானே கட்டினனீங்கள்?"

"பிழையா இருந்தா எனக்குத் தெரியும்தானே."

அன்று மாலை தேநீர் கொண்டுவந்த மனைவி, "ஆடி மாசம். உதை இப்ப வெளியிலை எடுக்காதேங்கோ. ஆவணி பிறக்கட்டும், கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைச்சிட்டு எடுப்பம்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அடித்தளம் முப்பது வருசப் பழசு. அதுக்கென்ன ஆடியும் ஆவணியும்?" என்று மைத்துனன் அவள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

நீரிழிவு அவன் கண்ணைத் தொட்டிருந்தது. வசந்தத்தில் இருந்தே எழுத்துகளின் நடுவில் புகை மாதிரித் தெரிகிறதாம். செப்ரெம்பர் தொடக்கத்தில் பரிசோதனை. போன முறையே டொக்டர் வான் ஓட்டுவதை விடும்படி சொன்னாராம்.

"இந்த முறை லைசென்சைப் பறிச்சிடுவாங்கள் போலை கிடக்கு. அதுக்கு முன்னம் ஓட்டவேணும். அக்காட்டை நீங்கள் ஒருக்கா கேளுங்கோவன். நான் கேட்டா ஏன் அவசரம் எண்டு துருவுவா. கண் விசயம் அவவுக்குத் தெரியவேண்டாம்."

கேட்கிறேன் என்றேன். அன்றிரவு நாட்குறிப்பில் கணக்குப் போட்டேன். ஆடி முடிய இருபத்துநான்கு நாள். பரிசோதனைக்கு நாற்பத்திரண்டு நாள். நடுவில் அவன் ஓட்டப் பதினெட்டு நாள் இருக்கிறது. எனக்கு ஆடியில் நம்பிக்கை இல்லை. கார் ஒருமுறை வெளியே போய்விட்டால் அவன் அதைக் கதவுக்காகத் திரும்பக் கராஜில் விடமாட்டான் என்பது தெரியும். இருபத்துநான்கு நாளில் கதவைச் சரியாக்கிவிடலாம்.

மறுநாள் அவன் கேட்டான்.

"கேட்டனான். மாட்டாவாம்" என்றேன்.

நான் அவளிடம் கேட்கவே இல்லை. அன்றைய நாட்குறிப்பில் வெப்பநிலையும், கதவின் கீழ் இடைவெளி ஆறு மில்லிமீட்டர் என்பதும் மட்டுமே இருக்கின்றன.

இரண்டு வாரம் கழித்து அவன் டொக்டரின் கிளினிக்கிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. காலையில் பாண் தட்டுகளை இறக்கும்போது கறுப்பு நூல்கள் விழுந்த மாதிரி இருந்ததாம். மத்தியானத்துக்குள் வலது கண்ணில் பார்வை மறைந்துவிட்டது. மற்றக் கண்ணும் தெளிவில்லை. டொக்டர் அன்றைக்கே ஓட்டக்கூடாது என்று சொல்லி, போக்குவரத்து அமைச்சுக்கும் எழுதிவிட்டார். "அக்காட்டைச் சொல்லாதேங்கோ, லீவிலை நிக்கிறன் எண்டு சொல்லுறன்" என்றான்.

ஆவணி முதல் ஞாயிறு கோயிலில் பூசை நடந்தது. மனைவி தானே குனிந்து நான்கு ரயருக்குக் கீழும் தேசிக்காய் வைத்தாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அவனை ஏற்றிக்கொண்டு வடக்கே போனேன். ஸ்ரௌவ்வில் ஊரைத் தாண்டினால் அப்போது சோளக்காடுதான். நேரான தெரு, இரண்டு பக்கமும் ஒருவரும் இல்லை. நான் சட்டத்தை மீறுகிறவன் அல்ல. அன்று இறங்கி அவனை ஓட்டுகிற இருக்கையில் உட்காரச் சொன்னேன்.

உட்கார்ந்தான். கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டான். இரண்டு கைகளும் ஸ்ரியரிங்கில் இருந்தன. கார் நகரவில்லை.

"அத்தான், ரோட்டின்ரை கரை எங்கை?"

"நேராத்தான் கிடக்கு. மெதுவா விடு, நான் சொல்லுறன்."

அவன் கியரை விடுவித்தான். "வேண்டாம். நீங்களே ஓட்டுங்கோ."

இடம் மாறினோம். போகும் வழியெல்லாம் தலையைச் சாய்த்து என்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தான். "மூண்டாவது சிலிண்டர் இருமுது, கேக்குதோ?" என்றான். எனக்குக் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள். "ஆர் ஓட்டினது?"

"அவன்தான்" என்றேன்.

"இல்லை அக்கா, நான் ஓட்டேல்லை" என்றான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "லைசென்ஸ் போயிட்டுது. கண் போகுது. ஆடி மூண்டாம் கிழமை கண்ணுக்கை இரத்தம் கசிஞ்சுது."

அவள் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள். "முதலே சொல்லியிருக்கலாமேடா. ஆடி எண்டு நான் பாத்திருப்பனோ?"

"அதுதான் ஆடியிலை எடுக்கலாமோ எண்டு அத்தான் கேட்டவரே. நீதானே மாட்டன் எண்டனீ. அதுக்கு நீ என்ன செய்வாய், உனக்குக் கண் விசயம் தெரியாதுதானே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காரின் என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி அதை நிறுத்தினேன்.

"ஓம்" என்றாள் அவனிடம். "நான்தான் மாட்டன் எண்டனான்."

ஏன் தன்னிடம் கேட்கவில்லை என்று அவள் என்னை அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடுத்த வசந்தத்தில் காரை விற்றோம். பார்வை முழுவதும் போனபின் மைத்துனன் எங்களுடனேயே வந்து தங்கினான். அக்காவைக் கோபப்படுத்த அவனிடம் ஒரு பட்டப்பெயர் இருந்தது. சோறு பரிமாற அவள் கொஞ்சம் பிந்தினால், "என்ன ஆடி அக்கா, ஆவணி பிறந்தால்தானோ சாப்பாடு?" என்று மேசையிலிருந்து கத்துவான். அவள் சிரிப்பாள். நானும் அதே மேசையில்தான் இருப்பேன். அவன் இறக்கும்வரை அந்தப் பெயரால்தான் அவளைக் கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் அவள் சிரித்தாள்.