பனிக்கரடிக்கு எந்தத் தோட்டா?

"அம்மா, சனிக்கிழமை அம்முனிஷூன் பாக்கப் போகவேணும். நீங்களும் வாறீங்களோ?"

மகள் ஆரணி இதைக் கேட்டபோது நான் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். நோர்வேஜிய மொழியில் அம்முனிஷூன் என்றால் தோட்டா. எங்கள் ஊரில் ரவை என்போம். உப்புமா ரவை என்றால் உடனே புறப்பட்டிருப்பேன்... இது மற்ற ரவை!

ஆரணி பனிப்பாறைகளைப் பற்றிப் படிக்கிறாள். கோடையில் ஆறு வாரம் ஸ்வால்பார்ட் தீவில் களவேலை. அங்கே ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி. குழுவில் ரைபிள் உண்டு. இரண்டு கையாலும் பனியைத் துளைத்துக்கொண்டிருப்பவர் ரைபிளை எப்படி எடுப்பார்? அதற்காக இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி, முறையான அனுமதியோடு. அதற்கு எந்தத் தோட்டா நல்லதென்று விசாரிக்கும் வேலை இவளுக்கு.

என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"துவக்குச் சத்தம் கேக்காத இடம் தேடித்தான் இந்தக் குளிருக்குள்ளை வந்தனான். இப்ப என்ர பிள்ளை இடுப்பிலை துவக்கு கட்டப்போறாளோ?"

"அப்பா, அது கரடிக்கு!"

"கரடிக்கெண்டு வாங்கினது கரடியோடை நிக்குமோ?"

மூன்று நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தனியாகத்தான் சாப்பிட்டார். ஆனால் சனிக்கிழமை காலை மனுஷன் எங்களுக்கு முன்னமே காரில் போய் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுநர் அல்லவா... கோபம் என்றாலும் நேரம் தவறாது.

எங்கள் வீடு இருக்கும் லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒஸ்லோ வரைக்கும் ரேடியோச் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டே ஓட்டினார். கடைக்குள் நுழைந்ததும் கேட்டார் பாருங்கள், நல்ல நோர்வேஜிய மொழியில்: "ஆளைத் தடுக்கவும் இதே தோட்டாவைத்தான் வாங்குவார்களா?"

கம்பளிச் சட்டை போட்ட கடைக்காரர் சிரித்தார். "மனிதரிடமிருந்து தற்காப்பு என்று சொன்னால் இந்த நாட்டில் கைத்துப்பாக்கிக்கு அனுமதி கிடைக்காது. அந்தக் கேள்வியோடு என்னிடம் யாரும் வருவதும் இல்லை."

"நல்ல நாடு" என்றார் இவர் தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கடைக்காரர் மேசைமேல் இரண்டு தோட்டாக்களை வைத்தார். ஒன்றுக்கு நுனியில் குழி. உடம்புக்குள் போனதும் பூப்போல விரிந்து அங்கேயே நின்றுவிடுமாம். கரடிக்கு இது சரிவராது. கொழுப்பையும் தசையையும் தாண்டுமுன்பே ஓய்ந்துபோகும். மற்றது தட்டை மூக்கு, கடின ஈயம். உருமாறாமல் ஆழமாகப் போய் எலும்பையும் உடைக்கும்.

"கரடிக்கு இதுதான். ஆனால் முதலில் தூர விலக வேண்டும், பிறகு கரடியை விரட்ட ஒளி வெடி, பிறகு ரைபிள். எல்லாம் கைவிட்டால்தான் இது. எதை வாங்கினாலும் அதையே சுட்டுப் பழக வேண்டும். குறி தவறினால் எல்லாத் தோட்டாவும் ஒன்றுதான்."

ஆரணி கைப்பேசியில் குறித்துக்கொண்டே கேட்டாள்: "உருமாறாத தோட்டா ஒரு ஆளில் பட்டால்?"

"மற்றப் பக்கத்தாலை போயிடும்" என்றார் இவர்.

தமிழில்தான் சொன்னார். பிறகு ஜாக்கெட்டைத் திறந்து, சட்டைக் கழுத்தை இழுத்து, தோளெலும்புக்குக் கீழே இருக்கும் தழும்பைக் கடைக்காரருக்குக் காட்டினார். முதுகைத் திருப்பி அது வெளியே வந்த இடத்தையும் காட்டினார். ஏதோ பஸ் நிறுத்தம் காட்டுவதுபோல!

எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. குழந்தையாக மடியில் கிடந்து அந்தத் தழும்பைத் தடவிக் கேட்டபோதெல்லாம் அவளுக்குக் கிடைத்த பதில் வேறு.

"அப்பா... சைக்கிளாலை விழுந்தது எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"ஓம். சைக்கிளிலை போகேக்கைதான் பட்டது. அதாலைதான் விழுந்தனான்."

பத்தொன்பது வயதில், ஊரில் சண்டை நடந்த காலம், பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வரும் வழியில். சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. குண்டு விரியாமல் நேரே போனதால் மனுஷன் தப்பினார். ஆரணி அந்தத் தோட்டாக் கடை நடுவில் நின்று தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதாள். கடைக்காரர் மூன்று கோப்பைகளில் கோப்பி ஊற்றினார்.

திரும்பும் வழியில் ஆரணி, "அப்பா, நான் துவக்கு கொண்டுபோகேல்லை. வேற ஆரும் வைச்சிருக்கட்டும்" என்றாள்.

"இல்லை. நீயே வைச்சிரு. சுட விருப்பமில்லாத ஆளிட்டைத்தான் அது இருக்கவேணும்."

அடுத்த வாரம் பயிற்சிக் களத்துக்குத் தானே கூட்டிப்போனார். காதை மூடிக்கொண்டு பின்னால் நின்றாராம். முதல் வெடிக்குக் கண்ணையும் மூடினாராம். இரண்டாவதுக்குத் திறந்து பார்த்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம், "அவள் கண்ணை மூடேல்லை. நான்தான் மூடினனான்" என்றார்.

போன ஞாயிறு ஆரணி திரும்பி வந்தாள். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது, பசி வேறு. ஒருநாள் கரடி வந்ததாம், தூரத்தில், குட்டியோடு. சாமான்களைப் போட்டுவிட்டுப் படகில் ஏறிவிட்டார்களாம். ஒரு வெடியும் வைக்கவில்லை.

"அது உன்னைக் கண்டதோ?" என்று கேட்டார் இவர்.

"ஓம் அப்பா. எழும்பி நிண்டு வடிவாப் பாத்தது. பிறகு தன்ர பாட்டிலை போயிட்டுது."

இவர் அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

"கரடிக்கு இருக்கிற பொறுமை அண்டைக்கு என்னைச் சுட்டவனுக்கு இல்லாமல் போச்சுது, பாவி!"