கடதாசிக் கொடி

மகளின் வகுப்பு ஆசிரியைக்கு அந்த வசந்தத்தில் புதுப் பவிசு ஒன்று வந்திருந்தது. பிறநாட்டுப் பிள்ளைகளின் கலாசாரத்தைப் புரிந்துகொள்வது எப்படி என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியிருந்தார். அதன் பலனாக, டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் என் மகள் படித்த பள்ளியில் கலாசார மாலை நிகழ்ச்சி ஒன்று ஏற்பாடாயிற்று. மகள் பரதநாட்டியம் ஆடுவதாக இருந்தது.

அதற்குள் வன்னியில் போர் முடிந்தது. என் தம்பி முள்ளிவாய்க்காலில் செத்துப்போனான் என்று தொலைபேசியில் சொன்னார்கள். உடலைக் காணாத சாவுக்கு எந்த நாளில் அந்தியேட்டிக் கிரியை செய்வது என்றுகூடத் தெரியவில்லை. செத்த வீட்டில் சலங்கை கட்டுவதில்லை. காரணத்தைச் சொல்லி, மகள் ஆடமாட்டாள் என்று பள்ளிக்கு அறிவித்தேன்.

மறுநாளே என்னைக் கூப்பிட்டார்கள். ஆசிரியை மகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க டேனிஷ் பேசி வேலை செய்கிறவள் நான். அவரோ காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக உரத்துச் சொன்னார்.

"ஆடுவதா வேண்டாமா என்று இந்த நாட்டில் பெண்பிள்ளைதான் முடிவெடுப்பாள். வீட்டில் இவளைத் தடுப்பது யார், இவளுடைய அப்பாவா? நான் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டிவரும்."

கொம்யூன் என்பது நகரசபை. பிள்ளையை வீட்டில் அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று பள்ளி எழுதினால் விசாரிக்க ஆள் வரும். பிள்ளையைப் பிரித்துக்கொண்டும் போகலாம். தம்பியைப் பறிகொடுத்த கிழமையிலேயே மகளையும் பறிகொடுப்பேனோ என்று பயந்தேன். மகளுக்கோ ஆட ஆசை. நான் ஆட வேண்டாம் என்றதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஒரு சொல் ஆசிரியையின் பக்கம் சொன்னால் போதும்.

"மாசியில் உங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் இறந்தபோது கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு மெழுகுதிரி ஏற்றினீர்கள். பிள்ளைகளின் மாறுவேட விழாவையும் தள்ளிவைத்தீர்கள்" என்றேன்.

"அது துக்கம். இது உங்கள் கலாசாரம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் செத்தால் துக்கம், நாங்கள் செத்தால் கலாசாரம். தன் கொடிக்கும் மெழுகுதிரிக்கும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை அவருக்குப் பிறந்த நாள்தொட்டு வந்ததில்லை. வெள்ளைத்தோல் தரும் சலுகை என்று படித்தவர்கள் இதற்குப் பெயர் வைத்திருப்பதைப் பிற்பாடு அறிந்தேன். அன்று எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. அவரைப் பிடரியில் பிடித்து வெளியே தள்ளினால் போதும் என்றிருந்தது.

"எங்கள் தோலைப் பார்த்துத்தான் இப்படிப் பேசுகிறீர்கள்" என்றேன்.

"நான் நிறமே பார்ப்பதில்லை" என்று சிரித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து மகளிடம் ஒன்றை நீட்டினார். "நீ ஆடும்போது மேடையில் வைப்பதற்கு. உங்கள் நாட்டுக் கொடி. நானே ஒட்டினேன்."

குச்சியில் ஒட்டிய கடதாசிக் கொடி. அதில் வாளேந்திய சிங்கம். அந்தக் கொடியைத்தான் கொழும்புத் தெருக்களில் வீசி வீசி வெற்றி கொண்டாடினார்கள். அதை நானும் மகளும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். இவர் அந்த வேலுக்குக் குஞ்சமும் கட்டியிருந்தார்.

வீட்டில் நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை அவள். பள்ளி வாசலில் நான் தமிழ் பேசினால் வெட்கப்பட்டுத் தள்ளி நடப்பாள். கொடியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, எழும்புங்கோ. எங்கட மாமா செத்துப்போனார். நான் ஆடேல்லை. போவம் வாங்கோ."

ஆசிரியைக்கு முன்னால், அவ்வளவும் தமிழில்.

"என்ன சொல்கிறாள்?" என்று ஆசிரியை என்னைக் கேட்டார்.

"பெண்பிள்ளைதான் முடிவெடுக்க வேண்டும் என்றீர்களே. எடுத்துவிட்டாள்" என்றேன்.