பூசைக்குப் போன நேரத்தில்

கோவிலம்பாக்கத்தில் அமலராணியைத் தெரியாத தாய்மார் குறைவு. மழலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக ஆயா. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் ஆளில்லாத நேரத்தில் தீப்பிடித்ததிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். வீடு காலியாகிறது என்றால் மெயின் சுவிட்சை நிறுத்தி, கதவில் சிலுவை வரைந்துவிட்டுத்தான் பூட்டுவாள்.

டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டி மகன் ஜோஸ்வின் வைத்தது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டு வீடியோக்களையெல்லாம், மனைவி சுஜியின் போனில் இருந்தவற்றையும்கூட, அதில் ஏற்றிவிட்டு போனைக் காலி செய்துவிடுவான். கரண்ட் போனாலும் பெட்டி நிற்காதிருக்க ஒரு யூபிஎஸ் வேறு. "இது கோழிக்கூடு இல்லம்மா, சும்மா சும்மா எட்டிப் பாக்காத" என்று அம்மாவைக் கேலி செய்வான்.

மேடவாக்கம் சாலையில் லாரி மோதி அவன் போனபோது சுஜிக்கு ஏழாம் மாதம். அவன் போனும் நொறுங்கிப்போயிற்று. மிச்சமிருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான். அதைத் திறக்கும் தைரியம் பதினாலு மாதம் யாருக்கும் வரவில்லை.

பிள்ளையின் முதல் பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. அப்பாவின் குரலைக் கேட்கவைக்க வேண்டும் என்று சுஜி ஆசைப்பட்டாள். டிவியில் ஒன்றும் ஓடவில்லை. ஜோஸ்வினின் நண்பன் ஆரோன் லேப்டாப்போடு வந்தான். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஜோஸ்வின் ஓர் அடையாள எண் போட்டு வைத்திருந்தானாம். எண் மாறினால் வீடியோ கெட்டது என்று அர்த்தமாம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெட்டி தானே எண்களைச் சரிபார்த்து, கெட்டதைத் திருத்தி, நகலெடுக்கும். அந்த நேரத்தில் யாரும் டிவி போடமாட்டார்கள் என்றுதான் அப்படி வைத்திருந்தான். அவன் சாயங்காலப் பூசைக்குப் போகிறவன். காலையில் வீட்டில்தான் தூங்குவான்.

பெட்டி தானே எழுதிவைத்திருந்த வேலைக்குறிப்பைப் பார்த்த ஆரோனின் முகம் மாறியது. ஜோஸ்வின் போனதிலிருந்து வாராவாரம் வேலை தொடங்கியிருந்தது. ஒரு வாரம்கூட முடியவில்லை. பாதியில் அறுந்த ஒவ்வொரு முறையும் சில வீடியோக்கள் கெட்டுப்போயிருந்தன.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை காலைல இங்க கரண்ட் போகுமா?"

"போகாது தம்பி. ஆறரைப் பூசைக்கு எல்லாரும் கிளம்புறப்ப நான்தான் மெயினை நிறுத்துவேன். உடனே அந்த யூபிஎஸ் கீ கீன்னு கத்தும். அதையும் அமுக்கி நிறுத்திட்டுப் போவேன். வந்து திரும்பப் போட்டுடுவேன்."

சுஜி உள்ளே பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். டிஸ்க் பழசு, அதனால் போய்விட்டது என்று அவளிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான் ஆரோன், மெதுவாக.

"வேணாம். நாளைக்கு இதே வாயால நற்கருணை வாங்கணும்" என்றாள் அமலராணி. எழுந்துபோய், அவளே சொன்னாள்.

சுஜி கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"பதினாலு மாசமா, அத்தை?"

இருநூற்றுச் சொச்சம் வீடியோவில் ஒன்பது திறந்தன. எட்டில் அவன் குரல் இல்லை. ஒன்றில், சுஜியின் வளைகாப்பில், முகம் தெரியாமல் போனுக்குப் பின்னாலிருந்து பேசினான்: "அம்மா, தள்ளு. சுஜிய மறைக்கிற."

அவ்வளவுதான். சுஜி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். பிள்ளை அந்தக் குரலைக் கவனிக்கவில்லை. டிவியில் தெரிந்த பாட்டியைக் காட்டிச் சிரித்தது. அமலராணி சமையலறை வாசலிலேயே நின்றாள். சுஜி அவளைக் கூப்பிடவில்லை.