மடியில் வைத்த மீன்பானை

"மீனெல்லாம் நல்லபடியா வந்து சேர்ந்துச்சு. நீ மடிச்சுக் கொடுத்த பொரி வழிக்குப் போதுமானதா இருந்துச்சு."

என் மனைவி சென்னையில் இருந்த தன் அக்காவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதத்தில் உள்ள வரிகள் இவை. தேதி 16-5-1961. அக்கா காலமான பிறகு அவர் மகள் அதை ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் தந்தாள். நான் அந்த வருஷத்து நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். மே 14, ஞாயிறு: "புறப்பட்டவை ஆறு. வந்து சேர்ந்தது ஒன்று." இரண்டும் ஒரே பயணத்தைப் பற்றியவை.

அந்தப் பங்குனியில் எங்களுக்குப் பிறந்த குழந்தை ஐந்து நாள் இருந்தது. அதன் பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டில் என் மனைவி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவளாக ஆகிவிட்டாள். சித்திரையில் அவளை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே ஒரு டாக்டரின் அறையில், கண்ணாடித் தொட்டியில் சிவப்பு மீன்களைப் பார்த்திருக்கிறாள். நான் அழைத்துவரப் போனபோது, "அது மாதிரி நம்ம வீட்டுல இருந்தா பாத்துக்கிட்டே இருக்கலாங்க" என்றாள். அத்தனை நாளில் அவளாகக் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் மூர் மார்க்கெட்டில் ஆறு தங்கமீன்கள் வாங்கினேன். அங்கேயே பழைய புத்தகக் கடையில் மீன் வளர்ப்பு பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. மாலைக்குள் படித்துவிட்டு, பிரயாணத்துக்கு வேண்டியதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். செம்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. காற்றுக்கு இடம் விட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். முந்தின நாளிலிருந்தே உணவு கூடாது. தின்றால் தண்ணீர் கெட்டுவிடும். தண்ணீரை ஒரேயடியாக மாற்றக் கூடாது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். அவளிடம் நான் சொன்னது, பானையை ஆட்டாமல் பிடித்துக்கொள் என்பது மட்டும்.

திருச்சியில் மருந்துக் கடை வைத்திருந்த என் நண்பர் சரக்கு எடுக்கச் சென்னை வந்திருந்தார். அவருடைய காரில் திரும்புவதாக ஏற்பாடு. விடிகாலை 5.40க்குப் புறப்பட்டோம். வாயில் துணி கட்டிய மண்பானை பின் சீட்டில் அவள் மடியில் இருந்தது. ஸ்ரீரங்கத்துக்கு மீன் கொண்டு போகிறோம் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள், வீதியில் யாரும் நமக்குத் தண்ணீர் கூடத் தரமாட்டார்கள் என்று நண்பர் கேலி செய்தார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நேரத்தோடு குறித்திருக்கிறேன்: 6.10.

திண்டிவனத்தில் துணியை அவிழ்த்துப் பார்த்தபோது ஆறும் அடியில் அமைதியாக இருந்தன. விழுப்புரம் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நின்றோம். கத்திரி வெயில். கேட்காரர் எட்டிப் பார்த்து, குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டார். பின்னால் அவள் துணியை விலக்கி, பானைக்குள் குனிந்து ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் பேசுகிறாளே என்று நான் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

உளுந்தூர்ப்பேட்டையில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் தண்ணீர் வெளுத்து, புளித்த வாடை அடித்தது. ஊறி வீங்கிய பொரி மேலே மிதந்தது. அதன் நடுவே ஒரு மீன் செத்துப் பக்கவாட்டில் கிடந்தது. மற்றவை வாயை வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின.

"வழிக்குன்னு அக்கா பொரி மடிச்சுக் கொடுத்தா. ரெண்டு ரெண்டாத்தான் போட்டேன்" என்றாள். "எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்துச்சுங்க. இன்னும் பசி போலிருக்குன்னு இன்னும் கொஞ்சம் போட்டேன்."

ஊருக்குக் கிளம்புகிற யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாத வீடு அது. குளத்துப் படிக்கட்டில் நின்று மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். மேலே வந்து வாய் திறக்கும் மீனைப் பார்த்தால் பசி என்றுதான் எங்களுக்குத் தெரியும். மூச்சுக்குத் திணறும் மீனும் அப்படித்தான் செய்யும் என்பது புத்தகத்தில் இருந்தது, 43ஆம் பக்கத்தில். அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், "வெயில் அதிகம், அதான்" என்றேன்.

தண்ணீரை அப்படியே விட்டாலும் சாகும், முழுக்க மாற்றினாலும் சாகும். கால்பங்கை இறைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று டீக்கடையில் ஒரு டம்ளர் வாங்கி, பானையிலிருந்து மொண்டு உயரத்திலிருந்து காபி ஆற்றுவதுபோல் திரும்ப ஊற்றினேன். நண்பரும் மாறி மாறி ஆற்றினார். "கை விட்டுப்போச்சு சார். இதுக்குப் போதுமா போதாதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை.

வண்டி ஓடும்போது ஆற்ற முடியாது. நிறுத்தினால் வெயில். பத்து மைலுக்கு ஒரு முறை நின்றோம். பெரம்பலூருக்குள் மேலும் இரண்டு போயின. பாடலூரில் ஒன்று, அதை அவள் மோர் குடிக்கும்போது கைக்குட்டையில் சுருட்டி எடுத்தேன். அவள் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். சமயபுரத்தருகே அடுத்தது. கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. பானைக்குள் ஒரே ஒரு மீன் அசைந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கையால் பானையைப் பிடித்து, மறு கையால் ஓயாமல் டம்ளரில் மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது.

வீட்டில் பெரிய கண்ணாடி ஜாடியில் அதை விட்டோம். அவள் தினமும் அதன் எதிரில் உட்கார்ந்தாள். அது அடுத்த தை வரை இருந்ததாகக் குறிப்பில் உள்ளது. அவள் அதற்குப் பொரி போட்டு நான் பார்த்ததில்லை.

பொரியைப் பற்றி நான் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நண்பரும் சொல்லவில்லை என்றுதான் என்னிடம் கூறியிருந்தார். அந்த ஆங்கிலப் புத்தகம் என் அலமாரியில்தான் இருந்தது. அவள் நான்காம் படிவம் வரை படித்தவள், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். காரணம் தெரிந்துதான் அக்காவின் மனம் நோகாமல் அப்படி எழுதினாளா, அல்லது வந்த ஒன்றே போதுமென்று எழுதினாளா? கேட்க இப்போது அவளும் இல்லை. இது உறுதிசெய்யப்படவில்லை.