மூன்று பிடிகள்

மசூயே அக்காவைப் போல, துணியில் சாயப் படம் பதிக்கும் அச்சுத்தாள் வெட்ட கியோத்தோவில் வேறு ஆள் கிடையாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரே பட்டறையில் அவள் வெட்டுவாள், வெட்டிய துண்டுகள் கழன்று விழாதபடி நான் அதன் மேல் பட்டு வலை ஒட்டுவேன், பாராட்டெல்லாம் அவளுக்கே.

அவளுடைய ஒரே மகன் ஷோகிச்சி போருக்குப் போய்க் கடலில் செத்தான். எலும்பென்று வந்த பெட்டிக்குள் ஒரு கூழாங்கல் கிடந்தது. குண்டுவீச்சில் வீடு எரிந்தபோது போட்டோக்களும் போயின.

எட்டு வருஷம் கழித்து, கண்காட்சிக்காக முதலாளி குராமோச்சி ஒரு பழைய போர்க்கதைக் காட்சியை வெட்டக் கொடுத்தார். கிழட்டு வீரன் ஒருவன் எதிரியைக் கீழே தள்ளி, தலையை வெட்டத் தலைக்கவசத்தைத் தூக்குகிறான்; உள்ளே மீசை முளைக்காத முகம். மசூயே அக்கா அங்கே ஷோகிச்சியின் முகத்தை வெட்டிவைத்தாள். அதே சப்பை மூக்கு!

நான் சும்மா இருந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய், முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டது.

அவர் வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார். சுற்றிலும் வெட்டிய முகம் விழாமல், வெட்டாமல் விட்ட மூன்று மெல்லிய பிடிகள் தாங்கியிருந்தன. வலை ஒட்டிக் காய்ந்த பிறகுதான் பிடிகளை அறுப்போம்.

"பிடியை அறு."

"இன்னும் வலை ஒட்டலையே ஐயா, முகம் விழுந்துடும்."

"விழட்டும். உன் மவனுக்குக் கல்லறை கட்ட என் படம்தான் கிடைச்சுதா? சாராய ஆலைக்காரர் பிள்ளை முகத்தை வை. அவர்தான் படத்தை வாங்கப் போறாரு."

அறுத்தாள். கட்டைவிரல் அகல முகம் பாயில் விழுந்தது.

"அதை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா ஐயா? உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"என் தாள்டீ அது!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ எடுத்து அடுப்புல போடு."

போட்டேன். நனையாமலிருக்கப் பழச்சாறு ஏற்றிக் காயவைத்த தாள், சட்டென்று பற்றிக்கொண்டது.

அக்கா முழங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, புதுத்தாளை விரித்து ஆலைக்காரர் பிள்ளையின் கொழுத்த கன்னத்தை வெட்ட ஆரம்பித்தாள். நெடுநேரம் கழித்து, தலை நிமிராமலே கேட்டாள்:

"அவனைத் தெரிஞ்சவங்கள்ல நீ ஒருத்திதான் பார்த்தே. மூக்கு அவனை மாதிரியே வந்திருந்துச்சு, இல்ல?"

"நான் சரியா கவனிக்கலைக்கா," என்றேன்.